ஆற்றைப் பார்த்திருந்தோம், குளத்துப் பக்கமிருந்து வந்தது: தாமிரபரணிக் கடைமடையில் 2023 டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 946 மி.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., கோவில்பட்டியில் 53 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 70 செ.மீ.க்குக் குறைவுதான். ஓர் ஆண்டுக்கான மழை, சில ஊர்களில் அதற்கும் மேலாக, ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கொட்டித் தீர்த்தது. தென்மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்த வெள்ளத்துக்கு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்றும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: ராத்திரியோடு ராத்திரியாக அணையைத் திறந்துவிட்டார்கள். அது முழுப் பொய் அல்ல. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், அடுத்த மழையிலும் நாங்கள் மூழ்குவோம். தாமிரபரணியின் தென்கரையில், ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வாழை போட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அந்த இரவில் எங்கள் வீட்டுக்குள் முதலில் புகுந்த தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் அல்ல. அது ஊருக்குத் தெற்கே இருக்கும் குளத்திலிருந்து வந்தது. எங்கள் தாலுகாவில் பல ஊர்களில் இதே கதைதான். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, திருநெல்வேலியைக் கடந்து, சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு, புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி இரண்டும் மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால். இந்த நான்கு கால்வாய்களும் ஆற்றுக்கு இருபுறமும் ஓடிக் குளங்களை நிரப்புகின்றன. கடம்பாகுளம் போன்ற பெரிய குளங்களும் உண்டு. ஊருக்கு ஒன்றாகச் சிறிய குளங்களும் உண்டு. குளம் நிரம்பியதும் மிச்ச நீர் வழிந்து வெளியேறும் வழிதான் மறுகால். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் ஓடை வழியாக ஆற்றுக்கோ கடலுக்கோ சேரும். நெல்லும் வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

ஊர்களின் இருப்பிடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். வடக்கே ஆறு, தெற்கே குளத்துக் கரை, நடுவே ஊர். ஆறும் குளமும் ஒரே இரவில் பொங்கினால் நடுவில் இருப்பவன் எங்கே போவான்?

மழையைக் கொண்டுவந்தது புயல் அல்ல. குமரிக்கடலிலும் அதை ஒட்டிய இலங்கைக் கடலோரத்திலும் நிலைகொண்டிருந்த ஒரு வளிமண்டலச் சுழற்சி. காற்று இல்லை, மரம் விழவில்லை, அதற்குப் பெயரும் இல்லை. இரண்டு வாரம் முன்பு சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, நகரும் பாதை இருந்தது, தொலைக்காட்சியில் நேரத்துக்கு நேரம் வரைபடம் இருந்தது. இந்தச் சுழற்சிக்கு அப்படி எதுவும் இல்லை. மார்கழி வரைக்கும் வாரத்துக்கு ஒரு முறை வானிலை அறிக்கையில் கேட்கும் சொற்றொடர்தான் அது. கிழக்கிலிருந்து ஈரக்காற்றை விடாமல் இழுத்து, நிலத்தின் மேல் ஒரே இடத்தில் குவித்துக் கொட்டிக்கொண்டே இருந்தது. நகரவில்லை. அதுதான் வினை.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். எங்கள் பெரியவர்கள் வெள்ளம் என்றால் 1992-ஐத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. பெய்தது. மலையில் பெய்த மழை. ஆறு வழியாகத்தான் இறங்கியது. அதனால் ஆற்றங்கரைத் தெருக்கள் மூழ்கின, குளத்தங்கரைத் தெருக்கள் தப்பின. பிறகு வீடு கட்டியவர்கள் எல்லாம் ஆற்றுப் பக்கத்து வெள்ளக்குறியைப் பார்த்து அதற்கு மேல் அடிமட்டம் உயர்த்தினார்கள். தெற்குத் தெருவில் கட்டியவர்கள் தரையோடு தரையாகக் கட்டினார்கள். 2023-இல் மலையிலும் மழை உண்டு. மாஞ்சோலையில் 55 செ.மீ. பதிவானது. ஆனால் அதைவிட அதிகமாகச் சமவெளியில், கடலுக்குப் பக்கத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே பெய்தது. பழைய அனுபவம் எங்களை வேறு திசையில் பார்க்க வைத்துவிட்டது.

17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். விடியற்காலைத் திருப்பாவைக்குக் கோவிலுக்குப் போனவர்கள் குடையோடு போய் முழுக்க நனைந்து திரும்பினார்கள். பகல் முழுவதும் ஒரே சீராகப் பெய்தது. சாயங்காலம் மின்சாரம் போனது. இருட்டியதும் இளைஞர்கள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்கு ஓடினார்கள். ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் ஏறும் வேகத்தை அரைமணிக்கொரு முறை பார்த்துச் சொன்னார்கள். ஏறியது, ஆனால் நிதானமாகத்தான் ஏறியது. இன்னும் நேரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

குளத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா. குளத்தில் தண்ணீர் விடுவதையும் அடைப்பதையும் பார்த்துவந்த மடைக்குடும்பர் ஒருவர் முன்பு ஊரில் இருந்தார். அவருக்கு அறுப்புக்கு இவ்வளவு நெல் என்று கூலி உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை, யாரும் தேடவும் இல்லை. சித்தப்பா தன் வயலுக்காகப் போனார். போனவர் திரும்பி வந்து சொன்ன செய்தி இது: மறுகாலின் குத்துக்கற்களுக்கு இடையே கார்த்திகையில் வைத்த அடைப்பு அப்படியே இருக்கிறது, தண்ணீர் கரையின் விளிம்பில் அலையடிக்கிறது.

இந்த அடைப்பைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மறுகாலின் தளத்துக்கு மேலே முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழைக்காலத்தின் கடைசியில் அந்தக் கற்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தால் குளத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பங்குனியில் வாழை வாடாமல் இருக்க அந்தக் கொஞ்சம் உதவும். பெரிய மழை வரும் என்று தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அதற்கான ஆள்தான் மடைக்குடும்பர். இப்போது வைக்கோலுக்குப் பதில் மணல் மூட்டை. வைக்கோலாவது தண்ணீரின் அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும். பாலிதீன் சாக்கில் கட்டிய மணல் நகராது.

சித்தப்பாவோடு நான்கைந்து பேர் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடினோம். இடுப்பளவு நீரில் இறங்கி மூட்டைகளை இழுக்கப் பார்த்தோம். மறுகாலின் ஒரு கண்ணில் இருந்த மூட்டைகளை மட்டும் அகற்ற முடிந்தது. அதற்குள் கரையின் கிழக்குக் கோடியில், சீமைக்கருவேல் அடர்ந்திருந்த இடத்தில், மண் சரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு ஆள் படுக்கும் அகலம். நாங்கள் அந்தப் பக்கம் நடந்து போவதற்குள் லாரி போகும் அகலம். கரை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு ஒரு கருவேல மரம் வேரோடு சாய்ந்தது, அது சாய்ந்த இடமெல்லாம் வாய் திறந்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஊருக்குள் ஓடி, தெற்குத் தெருவில் கதவு கதவாகத் தட்டினோம்.

தண்ணீர் வீடுகளுக்குள் பின்வாசல் வழியாக வந்தது. முன்வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்த வீடுகளில் அடுப்படியிலும் கழிவறையிலும் முதலில் பொங்கியது. எங்கள் வீட்டில் அரிசி டிரம் மிதந்து கதவில் முட்டிய சத்தத்தில்தான் அம்மா எழுந்தார். தண்ணீரோடு தாமரைத் தண்டுகளும் நத்தைக் கூடுகளும் கறுத்த வண்டலும் வந்தன. ஓடுகிற ஆற்றில் தாமரை கிடையாது. கட்டிலுக்கு அடியில் தாமரைக் கொடியைப் பார்த்தபோதே எந்தத் தண்ணீர் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மைனி, ஆதார் அட்டைகளையும் பத்திரங்களையும் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். மாடி உள்ள வீடுகள் தெருவில் இரண்டுதான். தெருவே அந்த இரண்டு மாடிகளில் நின்றது. மாடுகளை அவிழ்த்துவிட்டவர்களின் மாடுகள் பிழைத்தன. அவிழ்க்க முடியாமல் போன தொழுவங்களைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

ஆற்றுத் தண்ணீர் விடியற்காலையில் வந்தது. அது வந்து சேர்ந்தபோது குளத்துத் தண்ணீர் வடிவதற்கு வழியில்லாமல் போனது. ஊரின் மழைநீர் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஆற்று மட்டம் ஓடையைவிட உயரம். வடிய வேண்டிய தண்ணீர் பின்னோக்கி ஏறியது. அதனால்தான் மழை நின்ற பிறகும் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் அப்படியே நின்றது.

எங்கள் ஊரில் நடந்தது சிறிய அளவு. இதே முறையில் பெரிய அளவில் நடந்த இரண்டு இடங்கள் தமிழ்நாடு முழுவதற்கும் தெரியும்.

ஒன்று, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம். 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் அங்கே நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்த நிலையில் ரயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நிறுத்திய ஊழியர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 500 பேர் நிலையத்திலேயே சிக்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர், ஊருக்குள் வர வழியில்லை, கடை இல்லை. இருந்த அரிசியை வடித்துக் கொடுத்தார்கள். 19-ஆம் தேதி பேரிடர் மீட்புப் படையினர் பயணிகளை அழைத்து வந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

செய்துங்கநல்லூர்ப் பாதையில் நடந்ததைத் தனியாக யோசிக்க வேண்டும். ஆற்றுக்கு இணையாகப் போகும் ரயில் மேடு, குளத்துப் பக்கத்திலிருந்து ஆற்றுக்கு வடியும் நீருக்குக் குறுக்கே நிற்கிறது. சாதாரண மழைக்கு அதிலுள்ள சிறு பாலங்கள் போதும். 60 செ.மீ. மழைக்குப் போதாது. தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி, மேட்டையே கரையாக எண்ணி அழுத்தி, பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு போகிறது. உயர்த்திப் போட்ட சாலைகளுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, தூத்துக்குடி நகரம். தாமிரபரணி அந்த நகரத்தின் பக்கமே போவதில்லை. இருந்தும் நகரத்தின் பாதி மூழ்கியது. மணியாச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டு நீரெல்லாம் உப்பாற்று ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு வருகிறது. வடகாலின் கடைக்குளமும் அதுவே. அந்தக் குளம் உடைந்தது. திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலை அந்தோணியார்புரத்தில் அரித்துச் செல்லப்பட்டது. தாழ்வான குடியிருப்புகளில் நாள் கணக்கில் தண்ணீர் வற்றவில்லை. அணையைத் திறந்ததால்தான் எல்லாம் என்பவர்கள் தூத்துக்குடிக்கு என்ன பதில் சொல்வார்கள்? கோவில்பட்டி 53 செ.மீ.க்கும் பாபநாசம் அணைக்கும் என்ன தொடர்பு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 60 செ.மீ. மழை பெய்தால் அது 6 லட்சம் கன மீட்டர். அது முழுவதும் ஒரே நாளில் வடிய வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 245 கன அடி ஓட வேண்டும். 20 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பை எடுத்துக்கொண்டால் நொடிக்கு 98,000 கன அடி. நிலம் கொஞ்சம் உறிஞ்சும், குளங்கள் கொஞ்சம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணும் நிரம்பிய குளங்களும் எவ்வளவு தாங்கும்? மலையிலிருந்து ஒரு சொட்டு வராமலே, அணையில் ஒரு மதகும் திறக்காமலே, ஆறு கொள்ளும் அளவுக்கான நீர் சமவெளியில் உருவாகிவிட்டது. அதற்கு மேல்தான் மலைத்தண்ணீரும் சிற்றாற்றுத் தண்ணீரும் வந்து சேர்ந்தன.

வெள்ளநீரைச் சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் காட்டுக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு கால்வாயைப் பலரும் தீர்வாகச் சொல்கிறார்கள். வறண்ட பகுதிக்கு அது அவசியமான திட்டம், முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதன் கொள்ளளவு நொடிக்கு 3,200 கன அடி. மேலே போட்ட கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாசனத் திட்டத்தை வெள்ளத் தடுப்பு என்று நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது.

அடுத்து எல்லோரும் சொல்வது தூர்வாருவது. குளம் தூர்ந்துவிட்டது, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தூர்ந்துவிட்டது, அதனால் வெள்ளம் என்கிறார்கள். அணைக்கட்டைத் தூர்வாரக் கோரும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2015-இல் பணிகளும் நடந்தன. பாசனத்துக்கும் குடிநீருக்கும் அது நல்லது. வெள்ளத்துக்கு? ஒரு குளத்தை இரண்டு அடி ஆழப்படுத்தினாலும், மார்கழியில் அந்த இரண்டு அடியும் நிரம்பித்தான் இருக்கும். வெள்ள நாளில் குளத்தைக் காப்பாற்றுவது அதன் ஆழம் அல்ல, மறுகாலின் அகலமும் அதற்குக் கீழே உள்ள ஓடையும்தான். இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுகாலின் கணக்கையும் பார்த்துவிடலாம். 10 மீட்டர் நீளமுள்ள ஒரு மறுகாலின் மேல் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தால் நொடிக்குச் சுமார் 200 கன அடி வெளியேறும். ஒரு மீட்டர் உயரத்துக்கு வழிந்தால் சுமார் 600 கன அடி. உயரம் இரட்டிப்பானால் நீர் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இதையே திருப்பிப் பாருங்கள். கரையின் உச்சிக்கும் மறுகாலின் தளத்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும் குளத்தில், மணல் மூட்டையால் அரை மீட்டர் அடைத்துவிட்டால், கரை மீறுவதற்கு முன் வெளியேறக்கூடிய நீர் 600-லிருந்து 200-ஆகச் சுருங்குகிறது. அரை மீட்டர் அடைப்பு மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள குளத்துக்கே அன்றைக்கு 245 கன அடி வந்திருக்கும். எங்கள் குளத்துக்கு அதைவிட அதிக நிலத்திலிருந்து நீர் வருகிறது. மேல் குளத்தின் மறுகாலும் இதில்தான் சேர்கிறது. கரை தாங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

கீழே ஓடையின் நிலை இன்னும் மோசம். நில அளவைத் துறையின் புலப்படத்தில் எங்கள் மறுகால் ஓடை நல்ல அகலமாக வரைந்திருக்கிறது. நேரில் போனால் இரண்டு பக்கமும் வாழை ஏறி வந்திருக்கிறது, நடுவில் சீமைக்கருவேல், அதற்கும் கீழே சாலைக்கு அடியில் இரண்டு குழாய்கள். ஓடைக்குள் வாழை வைத்தவர்கள் வேற்று ஆட்கள் அல்ல, எல்லோரும் சொந்தக்காரர்கள்தான். அன்று இரவு முதலில் போனதும் அவர்களுடைய வாழைதான்.

ஒரு குளம் உடைந்தால் அதன் மொத்த நீரும் அடுத்த குளத்தின் மேல் விழுகிறது. தன் மழையைத் தாங்கியிருக்கக்கூடிய குளமும் மேல் குளத்தின் நீரைத் தாங்காது. ஒரு ஊர் தன் கரையை மட்டும் உயர்த்திக் கட்டினால் ஆபத்து அடுத்த ஊருக்கு நகர்கிறது. இதனால்தான் தனித்தனிக் குளமாக இல்லாமல், சங்கிலி முழுவதையும் ஒரே திட்டமாக எடுத்து, கடைசிக் குளத்திலிருந்து மேல்நோக்கி மறுகால்களை அகலப்படுத்த வேண்டும் என்கிறேன். மேலிருந்து கீழே வந்தால் கீழே இருப்பவன் செத்தான்.

எச்சரிக்கையைப் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. இவ்வளவு பெய்யும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்று மாநில அரசும், சிவப்பு எச்சரிக்கை உரிய நேரத்தில் விடுக்கப்பட்டது என்று மத்திய அரசும் வாதிட்டன. நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் ஏறத்தாழ 21 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. அதற்கு மேல் வகையே இல்லை. 21 செ.மீ.க்கும் அதே சிவப்பு, 95 செ.மீ.க்கும் அதே சிவப்பு. எங்கள் கைப்பேசிக்கு வந்த செய்தியில் நிறம் இருந்தது. குளம் தாங்குமா, எந்தத் தெரு காலி செய்ய வேண்டும், மறுகால் அடைப்பை எடுத்தார்களா என்பது இல்லை. ஆற்றில் எவ்வளவு கன அடி போகிறது என்று தண்டோரா போட ஆள் உண்டு. குளத்து மட்டத்தைச் சொல்ல ஆள் கிடையாது. நள்ளிரவுக்குள் கைப்பேசிக் கோபுரங்களும் மௌனமாகிவிட்டன. அதன் பிறகு எச்சரிக்கை என்பது கதவைத் தட்டும் கை மட்டும்தான்.

மீட்புப் பணி தாமதமானதற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் நினைக்கவில்லை. சாலைகள் அறுந்து கிடந்தன. ஏரல் ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலையையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்று வட்டாரத்துக்கே சந்தையான அந்த ஊரில் ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை எல்லாம் சேற்றில். சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து ஊருக்குள் ஓட்டினார்கள். திரும்புவதற்கு இடமில்லாத உள்ளூர்த் தெருக்களில் நாட்டுப்படகை வளைத்துத் திருப்பும் கை அவர்களுக்குத்தான் உண்டு. அவர்களுக்கு டீசல் செலவும் முறையான அழைப்பும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தால், அடுத்த முறை ஒரு முழு நாள் மிச்சமாகும்.

தண்ணீர் வடிந்ததும் வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டது, டிசம்பர் 23. நவதிருப்பதி ஊர்களுக்கு ஆண்டின் பெரிய நாள். தெருவெல்லாம் வண்டல், வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், நனைந்த நெல் முளைவிட்ட நாற்றம். வழக்கமாக வெளியூர்களிலிருந்து பக்தர்கள் பஸ் பஸ்ஸாக இறங்கும் நாளில் நாங்கள் மெத்தைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

வாழை உடனே சாகாது. இதைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குப் புரிய வைப்பது பெரும்பாடு. வெள்ளம் வடிந்த அன்று தோட்டம் பச்சையாக, குலையோடு நிற்கும். கிழங்கு நீரில் ஊறி அழுகத் தொடங்கியிருக்கும். சில நாளில் நடு இலை மஞ்சளாகும், தண்டின் அடியைக் கையால் அமுக்கினால் உள்ளே போகும். பிறகு ஒரு காலைக் காற்றில் வரிசையாகச் சாயும். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய கதலியும் ஏத்தனும் பிஞ்சாகவே தரையில் கிடந்தன. முதல் வாரத்தில் எடுத்த கணக்கில் நின்ற வாழையெல்லாம் பிழைத்த வாழையாகப் பதிவானது. மறுகணக்கு எடுக்கச் சொல்லி எழுதியவர்களுக்குத்தான் சேதம் சரியாகப் பதிவானது. வெள்ளத்துக்குப் பிறகு வாழைத் தோட்டத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதை விதியாகவே எழுத வேண்டும்.

நிவாரணமாகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. அந்த வாரத்தில் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஏக்கர் கணக்கில் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாழைக்கு ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவாகிறது, அதிலும் பாதி வட்டிக்கு வாங்கியது. குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் நிலை இன்னும் கொடுமை. பட்டா நிலச் சொந்தக்காரர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில். சில சொந்தக்காரர்கள் வந்த தொகையை அப்படியே குத்தகைக்காரரிடம் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களும் உண்டு. பயிரிட்டவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் ஆண்டுதோறும் சரியாக எழுதப்பட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. எழுதப்படுவதில்லை, எழுதச் சொல்லி நாங்கள் நிற்பதும் இல்லை.

இப்போது எங்கள் ஊரில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. உடைந்த கரையை அடைத்தாயிற்று. கரையிலிருந்த சீமைக்கருவேலை வேரோடு எடுத்தோம். வேர் எடுத்த குழிகளை மண் போட்டு இறுக்காமல் விட்டால் அடுத்த உடைப்பு அங்கேதான் என்று அனுபவஸ்தர்கள் எச்சரித்ததால், குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றி மிதித்து நிரப்பினோம். மறுகாலில் மணல் மூட்டை வைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பலகை வேண்டுமானால் வைக்கலாம், ஐப்பசி முதல் தை வரை அதுவும் கூடாது. மடை பார்க்க ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அந்தச் சம்பளத்தை வாழைத் தாருக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு வசூலித்துக் கொடுக்கிறோம். குளக்கரைக் கல்லில் அடிக்கணக்கில் வெள்ளைக் கோடு போட்டு, எந்தக் கோட்டுக்கு வந்தால் தெற்குத் தெரு காலி செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்தாயிற்று.

மறுகால் ஓடையை அளந்து கல் நடுவதுதான் பாக்கி. புலப்பட நகலும், ஓடைக்குள் வாழை வைத்திருப்பவர்களே கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். அளவையர் வரும் தேதி இன்னும் தெரியவில்லை. மேல் குளத்து ஊர்க்காரர்களும் கீழ்க் குளத்து ஊர்க்காரர்களும் தங்கள் ஓடைகளுக்கும் இதே போன்ற மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் அளக்கச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறோம், ஐப்பசிக்கு முன்பாக.